மான் தோலுக்கு முவைலாவில் என்ன வேலை?

காலை ஆறு ஐம்பதுக்கு அழைப்பு மணி அடித்தது. அலுவலக நாள்களில் நான் ஷூவுக்குப் பாலிஷ் போடும் நேரம் அது. கையில் பிரஷ்ஷோடு போய்க் கதவைத் திறந்தேன். எங்கள் கட்டடத்தின் காவலாளி குல்சார் நின்றுகொண்டிருந்தார். பெஷாவர் பக்கத்துக்காரர், ஆறடி இரண்டு அங்குலம். வழக்கமாகத் தரையைப் பார்த்துப் பேசுகிறவர், அன்று என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“பாய், கர் மே பக்ரா காட்டா க்யா?”

வீட்டில் ஆடு வெட்டினீர்களா என்று கேட்கிறார். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. கேக் வாங்கினால் என் மனைவி சுமதி பெட்டியின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத்தான் கூடையில் வைப்பாள்.

எதிர்க் கட்டடத்தில் யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். நான்காம் மாடிப் பால்கனியில் உரித்த தோல் தொங்குகிறது, குளியலறையில் வைத்து அறுத்திருக்கிறார்கள், இது விதிக்குப் புறம்பானது என்று. ஷார்ஜாவின் எங்கள் முவைலாப் பகுதியில் பால்கனியில் பனியன் காயப்போட்டாலே லிஃப்டில் அறிவிப்பு ஒட்டுவார்கள். தோலுக்கு என்ன ஒட்டுவார்களோ.

“பக்ரா மாஃபி” என்றேன். ஆடு இல்லை என்பதற்கு அவசரத்தில் அந்த அரை இந்தி, அரை அரபிதான் வாயில் வந்தது.

குல்சார் பால்கனிக்குப் போனார். பழுப்பு முடியைத் தடவினார். தோலின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். “ஹிரன்” என்றார். மான். அவர் முகத்தில் கவலை குறையவில்லை, கூடியது. ஆட்டுக்கு உள்ள விதியாவது தெரியும். மானுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

இணைப்பு: இரண்டு பக்கம்

சென்ற வாரம் எங்கள் வீட்டு ஏசியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ‘இவ்வளவு துல்லியமாக ஒரு மனிதன் வாழ முடியுமா’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். என் தொழில் அப்படி. கட்டுமான ஆலோசனை நிறுவனம் ஒன்றில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். எந்த வரைபடம் எந்த எண்ணோடு உள்ளே வந்தது, எந்தத் திருத்தத்தோடு வெளியே போனது என்று பதிவதுதான் வேலை. கட்டடம் கட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் எதைக் கட்டினார்கள் என்று பிற்பாடு அவர்களுக்கே சொல்லுகிறவன் நான்.

எங்கள் தலைமைப் பொறியாளர் கோர்டன் கனடாக்காரர். ஆண்டுக்கு ஒருமுறை லீவில் ஊருக்குப் போய் மான் வேட்டையாடுவார். வளைகுடாவில் வேலையை விட்டுப் போகிறவருக்கு ஒரு பெரிய கடிகாரமும் ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் கொடுத்து அனுப்புவது வழக்கம். கோர்டன் ஓய்வு பெற்றபோது கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, எங்களுக்கு அவர் திருப்பிக் கொடுத்தார். யாருக்கோ காபி மெஷின். யாருக்கோ கூடாரம். எனக்கு மான் தோல்.

அவரே சுட்டது. அவரே உரித்தது. கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்து, முடியோடு அவரே பதப்படுத்தியது. அதை இங்கே கொண்டுவந்ததற்கான காகிதங்களையும் சேர்த்தே கொடுத்தார்.

“இதோடு இருக்கும் குறிப்பைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நீதான், சந்தானம்” என்றார்.

குறிப்பு இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுவதும் பயன்கள். குளிர்காலத்தில் போர்வைக்கு மேல் போட்டுக்கொள்ளலாம். முகாம் நெருப்பின் பக்கத்தில் விரித்து உட்காரலாம். குதிரைச் சேணத்துக்கு அடியில் வைக்கலாம். பனிச்சறுக்கு வண்டியில் முழங்காலை மூடிக்கொள்ளலாம். சுவரில் மாட்டலாம். கிழிந்துவிட்டால் வெட்டிக் கையுறை தைக்கலாம். நான் ஷார்ஜாவில் குடியிருக்கிறேன். என்னிடம் சுவர் மட்டும் இருந்தது. அதிலும் ஆணி அடிக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு.

தோலை அலுவலக பிக்கப்பில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் டிரைவர் மாரிமுத்து. புதுக்கோட்டைப் பக்கம். லிஃப்டில் வரும்போது அதை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். “முடிய வழிச்சுட்டுப் பறை வளையத்துல கட்டுனா நல்லாப் பேசும் சார்” என்றார். ஏழாவது பயன். அதைப் பென்சிலில் குறித்துக்கொண்டேன்.

தோலில் ஒருவிதப் புகை வாசனை இருந்தது. அதனால்தான் சுமதி அதைப் பால்கனியில் தொங்கவிட்டாள். அதனால்தான் குல்சார் வந்தார். கோர்டனின் காகிதங்களைக் காட்டிய பிறகுதான் கீழே போனார்.

இரண்டே கேள்விகள்

அப்போது எங்களோடு என் மாமனார் இருந்தார். மாமியார் காலமாகி ஓராண்டு முடிந்திருந்தது. வேலூர் வீட்டில் அவர் மட்டும்தான். மூன்று நாளுக்குச் சேர்த்து ஒரே குழம்பாக வைத்துக்கொள்கிறார் என்று பக்கத்து வீட்டார் போனில் சொன்ன அன்றே சுமதி விசிட் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னாள். வருகிற அப்பாவை எப்படியாவது இங்கேயே நிறுத்திவைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் திட்டம். அவரிடம் சொல்லவில்லை.

முவைலாவில் ஒரு வயதானவர் செய்யக்கூடிய காரியம் ஒன்றுமில்லை. காலையும் மாலையும் பூங்காவில் போய் பெஞ்சில் உட்காருவார். அங்கே நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வேக நடை நடப்பார்கள். யாரைப் பார்த்தாலும் வளைகுடாத் தமிழன் கேட்பது இரண்டே கேள்விகள். “எப்ப வந்தீங்க?” “எப்பப் போறீங்க?” இரண்டுக்கும் பதில் வாங்கியதும் நடந்துவிடுவான். மறுநாள் அதே ஆள், அதே கேள்வி.

அந்த இரண்டாவது கேள்வியை மாமா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். காபி டம்ளரைக் கீழே வைத்ததும் என்னிடம் கேட்பார்.

“டிக்கெட் என்னிக்கு மாப்பிள்ளை?”

என் டைரிப்படி முதல் ஐந்து வாரத்தில் முப்பத்தொரு தடவை. ஒவ்வொரு தடவையும் சுமதி சமையலறையில் ஏதாவது ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தி வைப்பாள்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவு ஆசாரமான மனிதரை நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் வேலூருக்குப் போயிருந்தேன். அவருக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். எக்ஸ்போர்ட் என்றால் பனியன் என்று நானே வைத்துக்கொண்டேன். தினமும் ரயிலில் போய்வருவார். சாயங்காலம் தெருவாசல் வழியாக வரமாட்டார். பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், மாமியார் தயாராக வைத்திருக்கும் வெந்நீரில் சீயக்காய் தேய்த்துக் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் காலை வைப்பார். வெளித்தீட்டு வீட்டுக்குள் வரக் கூடாது என்பதில் இப்படி ஒரு கண்டிப்பா என்று வியந்து டைரியில் அரைப் பக்கம் எழுதினேன். நானும் அப்படி இருக்கத் தீர்மானித்தேன். மூன்று நாள் இருந்தேன்.

நாற்காலியும் தோலும்

தோல் வீட்டுக்கு வந்த அன்று மாமா அதைத் தரையில் போட்டுப் புரட்டினார். உள்பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். ஓரத்தை மடித்து அழுத்தி, விட்டு, மடிப்பு நிற்கிறதா என்று பார்த்தார். குனிந்து ஒரு மூச்சு இழுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. தோலின் தெய்விகம் அவரைத் தொட்டுவிட்டது என்று எனக்குப் பட்டது.

சில நாள் கழித்து, இடுப்பு வலிக்கிறது என்று நாற்காலியை ஒதுக்கிவிட்டு, பால்கனித் தரையில் அந்தத் தோலை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சூரியன் அப்போதுதான் வந்திருந்தது. கண் மூடியிருந்தது. காதில் சின்ன கருவி வைத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். பக்கத்துப் பால்கனியிலிருந்து பார்த்தால் அந்தக் காது தெரியாது.

பக்கத்துப் பால்கனி பாலு சாருடையது. பெரிய நிறுவனம் ஒன்றில் கொள்முதல் மேலாளர். மூன்று ஆண்டு அண்டை வீட்டுக்காரராக இருந்து என்னிடம் கார் நிறுத்துமிடத்தைப் பற்றி மட்டும் பேசியவர். அன்று பதினைந்து நிமிடத்தில் ஒரு தட்டில் ஆப்பிளோடு வந்தார். செருப்பை வெளியே கழற்றினார். மாமாவின் காலைத் தொட்டார்.

ஐந்து வாரமாகப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே மனிதர்தான். அதே பாலு சார்தான் தினமும் அவரிடம் எப்பப் போறீங்க என்று கேட்டவர். நடுவில் மாறியது தோல் ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை நான்கு பேர். அதற்கடுத்த சனிக்கிழமை பதினொன்று. எங்கள் ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளினோம். வெளியே செருப்புகளை நான் அளவுவாரியாக அடுக்கினேன்.

அவர் தன்னைச் சாமியார் என்று ஒருநாளும் சொல்லவில்லை. கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் நான் அன்றன்றே எழுதிவைத்தேன். பிற்பாடு வரிவரியாகச் சரிபார்த்தேன். ஒரு பதில்கூடப் பொய் இல்லை.

“இமயமலை மானுங்களா ஐயா?”

“அதுக்கும் வடக்க.”

“தானா உயிர் விட்டதுதானுங்களே?”

“அதுக்கு அன்னிக்கு விதி.”

தோலின் தோள்பட்டைப் பக்கம் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. பாலு சார் அதைச் சுற்றிக் குங்குமம் வைக்கலாமா என்று கேட்டார். இது என்ன துவாரம் ஐயா என்றார். மாமா குனிந்து அதைப் பார்த்தார்.

“அது வழியாத்தாம்பா உயிர் போச்சு” என்றார்.

பதினொரு பேரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

புகை வாசனைக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. ஹோமப் புகை. அதைப் பல காலம் காக்க என்ன செய்வது என்று பாலு சார் என்னை நச்சரித்ததால், தோலைப் பையில் போட்டுக்கொண்டு துபாயில் தேராவுக்குப் போனேன். மசாலா கடைத்தெருவில் கீழக்கரை பாய் ஒருவரிடம் நாங்கள் பல ஆண்டாகப் பெருங்காயம் வாங்குகிறோம். அவர் மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஹோமமும் இல்ல, லூபான் சாம்பிராணியும் இல்ல சார். ஈர விறகுப் புகை. எங்க ஊர்ல கருவாட்டுக்குப் போடுவாங்க” என்றார். அதை நான் பதிவு செய்தேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் தாக்கல் செய்யவில்லை.

அப்புறம் தோலை இரவல் கேட்க ஆரம்பித்தார்கள். தனி நோட்டுப் போட்டேன். வெளியே போன நேரம், திரும்பிய நேரம், நிலை, கையெழுத்து. ஆறாம் மாடிக்காரர் அதில் உட்கார்ந்து படம் எடுத்து, வேலை தேடும் தளத்தில் போட்டார். தலைமைப் பண்பு தெரிகிறதாம். மற்றபடி வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை மூலநோய் தொடர்பானவை. மான் தோலில் உட்கார்ந்தால் மூலம் கரையும் என்பது நம் மக்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருக்கிற விஷயம். வேதாந்தம் பேச வந்து, போகும்போது என்னைத் தனியாக லிஃப்ட் பக்கம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். கையெழுத்துப் போடும்போது காரணம் என்ற கட்டத்தில் ‘தியானம்’ என்று எழுதுவார்கள்.

இரண்டாம் பக்கம், மூன்றாம் வரி

கோர்டனின் குறிப்பில் இரண்டாம் பக்கத்தை அதுவரை யாருக்கும் காட்டவில்லை. அதில் பதப்படுத்திய முறை இருந்தது. மூன்றாம் வரி இப்படித் தொடங்கியது: ‘பிறகு அந்த மானின் மூளையை எடுத்து, வெந்நீரில் கூழாகக் கரைத்து, தோலின் உள்பக்கம் முழுவதும் கையால் தேய்க்க வேண்டும்.’

கூட்டத்தில் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் சுத்த சைவம். இரண்டு பேர் வெங்காயம்கூடச் சாப்பிடாதவர்கள். சனிக்கிழமைதோறும் அவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது ஒரு மானின் மூளையை. ஒரு திருத்தம் விடுபட்ட வரைபடத்தை வைத்துக் கட்டடம் எழுப்புகிறார்கள், எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டு வேலையில் நான் அப்படி இருந்ததில்லை. எனக்குத் தூக்கம் கெட்டது.

சுமதியிடம் காகிதத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடி போட்டு, கேக் பெட்டி படிக்கிற அதே கவனத்தோடு படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்தாள்.

“உங்க பேப்பர உள்ள வைங்க.”

“மூளை சுமதி.”

“அப்பா டிக்கெட் கேட்டு எத்தன நாளாச்சு?”

டைரியைப் பார்க்கத் தேவையில்லை. இருபத்திரண்டு நாள்.

“சும்மா இருங்க” என்றாள்.

காகிதத்தைக் கோப்பில் வைத்தேன். கோப்பில் ‘ரகசியம்’ என்று முத்திரை போடலாமா என்று யோசித்து, போட்டேன்.

கோர்டன் சம்மணம் போட்டார்

அந்த வாரக் கடைசியில் ஒரு தொலைபேசி அழைப்பு. கோர்டன் துபாய் வந்திருந்தார். ஏதோ ஆலோசனைக்காக நான்கே நாள். சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டுமாம். சுமதியின் சாம்பாரை மறக்கவில்லையாம். முக்கியமாக, தோல் எந்தப் பயனில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கூட்டம் பதினொன்றரைக்கு முடியும். ஒன்றரைக்கு வரச் சொன்னேன். இரண்டு மணி நேர இடைவெளி. திட்டத்தில் குறையில்லை.

கோர்டன் பத்து ஐம்பதுக்கு வந்துவிட்டார். நெரிசல் இருக்கும் என்று நினைத்துச் சீக்கிரம் கிளம்பினாராம்.

கதவைத் திறந்தவர் பாலு சார். ஹாலில் ஊதுவத்தி. நடுவில் தோல். தோலின் மேல் மாமா. சுற்றிலும் பதினொரு பேர். வெள்ளைக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும் கூட்டத்துக்கே ஒரு பூரிப்பு. நம் சமாசாரத்துக்கு அவர்கள் வந்து சேருவதுதானே கடைசி அத்தாட்சி. வழிவிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். முழங்கால் மடங்காத அந்த மனிதர் பெருமுயற்சியோடு சம்மணம் போட்டார்.

தன் தோல் இவ்வளவு மரியாதையோடு பயன்படுவதைக் கண்டு கோர்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதை அவர் எதிர்பார்க்கவில்லை. யாரோ பணிவாக, ஐயா உங்களுக்கும் இந்தத் தோலில் நம்பிக்கை உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

“நான்தானே செய்தேன்” என்றார் கோர்டன்.

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. எந்த மலைச்சரிவு, எத்தனை அடி தூரம், எந்தத் துப்பாக்கி. சுண்டுவிரலை அந்த ஓட்டையில் விட்டு அடிப்பக்கமாக ஆட்டிக் காட்டினார். கொட்டகையில் தொங்கவிட்டு உரித்ததை இரண்டு கையாலும் நடித்தார். நான் எழுந்து சாப்பாடு தயார் என்றேன். மணி பதினொன்று ஐந்து. யாரும் நம்பவில்லை. பிறகு மூளைக்கு வந்தார்.

“எந்த மிருகத்துக்கும் தன் தோலைப் பதப்படுத்தப் போதுமான மூளை இருக்கும் என்று எங்கள் பக்கம் சொல்லுவோம்” என்றார். சிரித்தார். எங்கள் அலுவலகத்தில் இந்தக் கணக்குக்குப் பொருந்தாத இரண்டு பேர் உண்டு. அதைச் சொல்ல அது நேரமில்லை.

பாலு சார் தன் வலது கையைப் பார்த்தார். மெதுவாக அதை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தார். வெங்காயம் சாப்பிடாதவர் வாயை மூடிக்கொண்டு கைகழுவும் இடத்துக்கு எழுந்து ஓடினார். மற்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மாமாவைப் பார்த்தார்கள். சமையலறை வாசலில் சுமதி காபித் தட்டோடு அசையாமல் நின்றாள்.

மாமா தோலைவிட்டு இறங்கினார். தரையில் மண்டியிட்டு, கழுத்துப் பக்கத்து முடியை இரண்டு விரலால் லேசாகப் பற்றி இழுத்தார். ஒரு கொத்து வந்தது. அதைக் கோர்டனிடம் நீட்டினார்.

“உப்பு உடனே போடல, இல்ல?” ஆங்கிலத்தில்தான் கேட்டார். “அடுத்த நாள்தானே போட்டீங்க?”

கோர்டன் அந்தக் கொத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அசதி, மறுநாள் சாயங்காலம்தான் போட்டேன் என்றார்.

“அதான். கழுத்துல முடி விடுது. உள்பக்கம் நல்லா வந்திருக்கு. புகைக்கு என்ன மரம்? ஈர மரமா?”

இரண்டு பேரும் தோலைத் திருப்பிப் போட்டார்கள். கோர்டன் ஒரு முனையையும் மாமா மறு முனையையும் பிடித்து இழுத்தார்கள். முதுகெலும்பு ஓடிய கோட்டை மாமா விரலால் காட்டினார். உப்பு, சுண்ணாம்பு, வயிற்றுப் பக்கத்துத் தோல் ஏன் தொங்கும் என்று பேச்சு நீண்டது. இருபத்திரண்டு ஆண்டில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வெளியே செருப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் அளவுவாரியாக அடுக்கியிருந்ததால் யாருக்கும் தேடும் சிரமம் இருக்கவில்லை.

எக்ஸ்போர்ட்

கோர்டன் போன பிறகு ஹாலில் நாங்கள் மூன்று பேர். ஊதுவத்தி அணைந்திருந்தது. மாமா உதிர்ந்த முடியைத் தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டே பேசினார்.

“முப்பத்தொரு வருசம் மாப்பிள்ளை. தோல் பதனிடுற ஷாப்புல. பச்சைத் தோல் செக்‌ஷன். லாரில வந்து எறங்கும், நான்தான் பிரிச்சு ரகம் போடுவேன்.”

“எக்ஸ்போர்ட்...” என்றேன்.

“எக்ஸ்போர்ட்டுதான். பொய் இல்லியே.”

சுமதியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறந்ததிலிருந்து தெரியும். ‘தோல்’ என்ற சொல்லை வீட்டில் சொல்லக் கூடாது என்பது அவள் அம்மாவின் சட்டம்.

“உங்க மாமியார் நல்லவதான். ஒரு நாளும் கொறை சொன்னதில்ல. வெந்நி போட்டு வச்சிருவா, சீயக்கா வச்சிருவா. ஆனா ஒரு நாள்கூட முன்வாசல்ல விட்டதில்ல. நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கும் கொல்லப் பக்கமா வந்துதான் உங்க எதிர்ல உக்காந்தேன்.” முடியை உள்ளங்கையில் உருட்டினார். “முதல் நாளே மோந்து பார்த்தேன். மூளை போட்டது, புகை போட்டதுன்னு தெரிஞ்சுது. உக்காந்தா கால்ல விழுறாங்க. இந்தச் சனிக்கிழமை சொல்லிரலாம்னு நெனைப்பேன். அப்புறம் அடுத்த சனிக்கிழமை பாத்துக்கலாம்னு தோணும்.”

நான் அரைப் பக்கம் எழுதிய ஆசாரம் நினைவுக்கு வந்தது. என் வாழ்க்கையில் திருத்தம் போடாமல் வெளியே விட்ட ஒரே தாள் அதுதான்.

மாமா எழுந்து காபி டம்ளரை எடுத்தார். குடித்து முடித்துக் கீழே வைத்தார்.

“டிக்கெட் என்னிக்கு மாப்பிள்ளை?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் வரவில்லை. சுமதி ஹாலிலேயே நின்றாள்.

“அந்தக் கழுத்துப் பக்கம்...” என்றேன். “சரி பண்ண முடியுமா மாமா?”

“உதிர்ந்தது உதிர்ந்ததுதான். மீதிய நிறுத்தலாம். படிகாரமும் உப்பும் வேணும்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“வெயில் நல்லாருக்கு. இருந்தாலும் பக்குவமா ஒரு மாசம் வேணும்.”

“அப்ப டிக்கெட் அதுக்கப்புறம்தான். பாதியில நிக்கிற வேலையை என் பதிவேட்டுல மூட முடியாது” என்றேன். சுமதி என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறாள்.

கொல்லை

அடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. பூங்காவில் பாலு சார் எங்களைக் கண்டதும் நடையின் திசையை மாற்றிக்கொண்டார். அந்த வாரம் லிஃப்டில் தனியாக என்னிடம் மாட்டினார். மூன்றாம் மாடி தாண்டியது. பிறகு கேட்டார்.

“சார், மூளை போட்டதால மூலத்துக்குக் கேக்குற குணம் போயிருமா?”

குறிப்பில் அதைப் பற்றி ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவர் கையெழுத்து நோட்டில் ஐந்து இடத்தில் இருக்கிறது. காரணம், தியானம்.

தேராவில் கீழக்கரை பாயிடம் இரண்டு கிலோ படிகாரம் வாங்கினோம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிழலாக ஓர் இடம் உண்டு. குல்சார் அதைத் திறந்துவிட்டார். மாமா அங்கே தினமும் மாலையில் தோலைப் பலகையில் அடித்துப் போட்டு, படிகாரக் கரைசலைத் தேய்த்து, மழுங்கிய கத்தியால் இழுத்துக்கொண்டிருந்தார். குல்சார் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்கு இந்தி தெரியாது. “அச்சா?” என்பார் ஒருவர். “அச்சா” என்பார் மற்றவர்.

முதல் நாள் வேலை முடித்து அவர் கீழே வந்தபோது மணி ஐந்து நாற்பது. சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் மணி அடித்தார். சுமதி கதவைத் திறந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

முழங்கை வரை வெள்ளையாகக் காய்ந்த கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி வாசலுக்கு இரண்டடி தள்ளி நின்றார். ஈரத் தோலின் வாடை அடித்தது.

“துண்டும் வேட்டியும் குடும்மா. குளிச்சிட்டு உள்ள வரேன்.”

சொல்லிவிட்டு அவரே இடமும் வலமும் பார்த்தார். ஒரு பக்கம் லிஃப்ட். ஒரு பக்கம் தீயணைப்பு உருளை, பாலு சார் வீட்டுச் செருப்பு அலமாரி. சந்து இல்லை.

“எங்கப்பா குளிப்பீங்க?” என்றாள் சுமதி. “இங்க ஏது கொல்ல? உள்ள வாங்க.”

“நாறும்மா.”

“நாறட்டும்.”

லிஃப்ட் ஒருமுறை திறந்து, யாரும் இறங்காமல் மூடிக்கொண்டது. மாமா செருப்பைக் கழற்றினார். முன்வாசல் வழியாக உள்ளே வந்தார். குளியலறை ஹாலின் மறு கோடியில் இருக்கிறது. அவர் அதுவரை போகவில்லை. சோபாவில் உட்கார்ந்து, அந்தக் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, காபி கேட்டார்.